பச்சையம்மா ஏறி இறங்கிய கடைகள்

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பச்சையம்மாவைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? அவள் வீட்டுக்காரர் மனோகரன் விசைப்படகில் போனால் திரும்பி வர நாளாகும். வந்தாலும் சாப்பாடு, தூக்கம், மறுபடி கடல். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும். என் பெயர் ஜீனத். தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே இரண்டு மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் மஜீது சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும்.

பச்சையம்மா ராயபுரம் கடலோரக் குப்பத்தில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். எட்டாவது வரை படித்தாள். அதற்குமேல் போக முடியாமல் அம்மாவின் கூடை இவள் தலைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டாளே தவிரப் புத்தகத்தை விடவில்லை. காசிமேட்டில் ஏலம் முடிந்து, மீனைத் தெருத்தெருவாக விற்றுவிட்டு, கிளை நூலகத்தில் நுழைந்து ஒரு தடிப் புத்தகத்தோடுதான் வீட்டுக்குப் போவாள். முதலில் நூலகத்தில் வாசனை என்று முகம் சுளித்தார்களாம். "இன்னாமே, நான் இன்னா சென்ட் வித்துகினா வரேன்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து படித்தாளாம். அப்புறம் யாரும் சுளிக்கவில்லை.

எனக்கு அவள் பழக்கமானதும் அப்படித்தான். சங்கரா மீன் வாங்கப் போனேன். கூடை ஓரத்தில் பாலிதீன் உறைக்குள் ஒரு புத்தகம். யாருடையது என்று கேட்டேன். "எங்க அப்பன் வூட்டு சொத்து. எடுத்துக்கினு போயிடப் போறியா?" என்றாள். ஆளைப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து மீனை விற்று முடித்ததும் கையை எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவிக்கொண்டு என் மிஷின் பக்கத்தில் வந்து உட்காருவாள். படித்த கதையைச் சொல்லுவாள். சொல்லுவதென்றால் சும்மா இல்லை, கதாநாயகனை நிற்கவைத்துத் திட்டுவாள். எனக்குத் தையல் வேகமாக ஓடும்.

அப்புறம் அந்தக் கண் விவகாரம் வந்தது. சர்க்கரை அவளுக்கு ரொம்ப நாளாக உண்டு. அது கண்ணுக்குள் போய் வேலையைக் காட்டிவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீனைப் பார்க்க முடிந்தது. கையாலேயே செவுளைத் தூக்கிப் புதுசா பழசா சொல்லிவிடுவாள். ஆனால் அச்செழுத்து போய்விட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், இரண்டு வரிக்குள் தலைவலி. போனில் படிக்கலாம் என்றால் அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தி நீர் கொட்டியது.

ஒரு வருஷம் நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். காலத்தில் நான் செய்த தர்மம் அது, ஆனால் நான் மோசமாகப் படிப்பவள். மலை, மரம், நிலா என்று நான்கு பக்கம் வர்ணனை வந்தால் தாண்டிவிடுவேன். உடனே பிடித்துவிடுவாள். "எதையோ முழுங்கிட்டே. திருப்பு" என்பாள். நிலா பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்றேன் ஒருநாள். பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அப்படிப் பேசாமல் போனால்தான் எனக்குப் பயம். படிப்பு இல்லாமல் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனாள், அதை நான் தினமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வரிசையில் ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கையில் சிலேட்டு மாதிரி ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அதுதான் இ-ரீடர். காகிதம் போல இருக்கும், கண்ணைக் குத்தாது, எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிசாக்கலாம் என்று அந்த அம்மாள் சொல்லி, இவள் கையிலும் கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்குள் இருந்ததெல்லாம் இங்கிலீஷ்.

பச்சையம்மா நேராக என் வீட்டுக்கு வந்தாள். "ஜீனத்து, ஒரு மிசினு கீது. அதுல தமிழ் எய்த்து பெருசாகுமான்னு மட்டும் தெரிஞ்சா போதும். நான் திருப்பியும் படிச்சிடுவேன்."

அவள் குரலில் அப்படி ஒரு ஆசையை நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். நைட்டி டிசைன் காட்டுவதற்காக மஜீது வாங்கிக் கொடுத்த பெரிய போன் அது. நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். கூடாது என்றுவிட்டாள். "கடைக்கு நான்தான் போவணும். நானே பாத்தாதான் கடைக்காரன் எப்பேர்ப்பட்டவன்னு தெரியும்." போனை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, கண்ணில் வழிவதை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

முதல் கடை பெரிய கடை. ஊசியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை எல்லாம் விற்கிற கடை. 'புக் படிக்கும் மிஷின்' என்று நான் தட்டினேன். மேசை விளக்கு வந்தது, புத்தகம் சாய்த்து வைக்கிற பலகை வந்தது, மூக்குக் கண்ணாடி வந்தது, குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடுகிற பொம்மைப் புத்தகம் வந்தது. நாங்கள் கேட்டது மட்டும் வரவில்லை. இங்கிலீஷில் தட்டினதும் வந்தது. வந்த கையோடு படத்தை மறைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் குதித்தது. அதை மூடுகிற பெருக்கல் குறியோ கடுகு அளவு. நல்ல கண்ணுள்ள நானே நான்கு தடவை தொட்டேன். அதற்குக் கீழே சிவப்பில், 'சீக்கிரம், இன்னும் இரண்டுதான் மிச்சம்' என்று போட்டிருந்தது.

மறுநாள் பார்த்தோம், அதே இரண்டுதான் மிச்சம். அதற்கு மறுநாளும் அதே இரண்டு.

"ரெண்டு ரெண்டுன்னு கூவிக்கினே கீறான். மீனாயிருந்தா இந்நேரம் நாறிப் போயிருக்கும்" என்றாள் பச்சையம்மா. அந்தக் கடைக்கு ஏலக்கடை என்று பெயர் வைத்தாள்.

வாங்கினவர்கள் கேள்விக்குப் பதில் சொல்கிற இடம் ஒன்று அதில் இருந்தது. தமிழ் எழுத்து பெரிதாகத் தெரியுமா என்று யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே கேட்டிருந்தார். இரண்டு பேரும் ஆவலாகக் குனிந்தோம். கீழே ஒருவர் பதில் எழுதியிருந்தார்: 'தெரியாது. நான் பரிசாகக் கொடுக்க வாங்கினேன்.'

பச்சையம்மா போனை இன்னும் கிட்டக் கொண்டுபோய் அதைப் படித்தாள். "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு மெனக்கெட்டு வந்து எய்திக்கீறான் பாரேன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கால் மிதியில் பட்டு மிஷின் ஊசி முறிந்தது.

இரண்டாவது, மிஷின் மட்டுமே விற்கிற கடை. பார்க்க எவ்வளவு ஷோக்காக இருந்தது தெரியுமா. வெள்ளைப் பக்கம், ஏரிக்கரை, காபிக் கோப்பை, ஒரு அழகான கை அந்த மிஷினைப் பிடித்திருக்கிறது. ஆனால் எழுத்து இத்துனூண்டு, அதுவும் சாம்பல் நிறத்தில். இரண்டு விரலை வைத்து விரித்தால் பக்கம் பெரிதாகவே மாட்டேன் என்றது. எனக்குக் கடுப்பு தலைக்கேறிவிட்டது. எழுத்தைப் பெரிசாக்குகிற மிஷின் விற்கிறவன் தன் கடை எழுத்தைப் பெரிசாக்க விடமாட்டானாம். இதைக் கட்டினவன் வீட்டில் நாற்பது வயது தாண்டினவர்கள் யாருமே இல்லையா?

கேள்வி கேட்க வேண்டும் என்றால் முதலில் கணக்கு தொடங்கச் சொன்னது. தொடங்கினால், நீ மனுஷிதானா என்று சந்தேகப்பட்டு, கட்டம் கட்டமாகப் படம் காட்டி, டிராஃபிக் லைட் எங்கெல்லாம் இருக்கிறது தொடு என்றது. விளக்குக் கம்பத்தையும் சேர்த்துத் தொட வேண்டுமா கூடாதா என்று எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. எப்படியோ உள்ளே போனோம். அங்கே ஆளுக்குப் பதிலாகப் பேசுகிற பொம்மை, உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி, உங்கள் ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள் என்றது. இன்னும் வாங்கவில்லை, வாங்கத்தான் கேட்கிறோம் என்று எழுதினேன். உங்கள் ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள் என்றது மறுபடியும்.

"உடு. இது தொர கடை. நம்மாண்டலாம் பேச மாட்டாங்கோ" என்றாள் அவள். சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். முகம் வாடித்தான் இருந்தது.

மூன்றாவது கடையைப் பார்த்ததும் நான் தாண்டப் பார்த்தேன், அவ்வளவு அவலட்சணம். படங்கள் கோணல்மாணலாக இருந்தன. நிறம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆனால் வெள்ளையில் கறுப்பாகக் கொட்டை எழுத்து, தமிழிலும் இங்கிலீஷிலும். விரித்தால் விரிந்தது. மேலேயே ஒரு போன் நம்பர். பச்சையம்மா போனை மூக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். யார் உதவியும் இல்லாமல் முதல் வரியைப் படித்துவிட்டாள். "இவன்தான் நம்மள ஆளா மதிக்கிறான். போன போடு" என்றாள்.

எடுத்தது ரூத் என்ற பெண். பச்சையம்மா தன் ஒரே கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, "எனக்குத் தெரியலக்கா. ஒரு பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள். மறுநாள் போனுக்கு ஒரு படம் வந்தது. மிஷினில் தமிழ் எழுத்து, அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. ஒரு எழுத்து தீப்பெட்டியில் பாதி உயரம் இருந்தது. பச்சையம்மா அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கடையில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது என்று போட்டிருந்தது. வாங்கிவிடலாமா என்று கேட்டேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. டாக்டரிடம் படத்தைக் காட்டி, இந்த மிஷின் கண்ணுக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன் என்றாள். அது நியாயம்தான். அதற்குள் போய்விட்டால்?

"எங்க போவும்? கூடையில போட்டுடு" என்றாள். 'கூடையில் சேர்' என்று அங்கே ஒரு பொத்தான் இருந்தது. அவளே தொட்டாள். "அவ்ளோதான். இனிமே இது நம்மது."

பணம் கட்டவில்லையே என்று கேட்டதற்கு என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். காசிமேட்டில் இவளும் இவள் கூட்டாளிகளும் மீன் எடுக்கிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு கூறு மீன் பக்கத்தில் ஒருத்தி கூடையை வைத்துவிட்டால் அது அவளுடையது. அவள் டீ குடிக்கப் போகலாம், ஐஸ் வாங்கப் போகலாம், விற்று வந்து பணம் கொடுக்கலாம். அவள் வருகிறவரை அந்தக் கூறை யாரும் விரலால்கூடத் தொட மாட்டார்கள். தொட்டவளோடு அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். நான் கூடையைக் கண்டேனா மீனைக் கண்டேனா, நம்பிவிட்டேன். இணையக் கடையில் நான் வாங்கினதெல்லாம் வீட்டு வாசலில் பணம் கொடுக்கிற லைனிங் துணிதான். வருகிற பையன் கையில் பணம் வைத்தால் பாக்கெட்டைக் கொடுப்பான்.

டாக்டர் படத்தைப் பார்த்து, தாராளமாகப் படியுங்கள் என்றுவிட்டாராம். பச்சையம்மா அன்றைக்கு மீனைக்கூட அவசரமாக விற்றுவிட்டு ஓடிவந்தாள். போனைத் திறந்தேன். கூடையில் மிஷின் படம் இருந்தது, ஆனால் வெளுத்துப்போய், மேலே 'இருப்பில் இல்லை' என்று எழுதியிருந்தது.

அவளே ரூத்துக்குப் போன் போட்டாள். "என் கூடையில கைய வெச்சது யாரு?"

ரூத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இங்க கூடையில போட்டா மட்டும் உங்களுதாகாது. யார் முன்னாடி பணம் கட்டுறாங்களோ அவங்களுக்குப் போயிடும். நேத்து ஒருத்தர் கட்டிட்டாரு."

"நான் வெச்ச கூடை வெச்சபடி கீது. அத்த பாத்துமா எடுத்தாரு?"

"அவருக்கு உங்க கூடை தெரியாதுக்கா."

"திருப்பி எப்ப வரும்?"

"அந்த மாடல் இனிமே வர்றதே சந்தேகம்க்கா."

பச்சையம்மா போனை என் மடியில் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "வுட்டுத் தள்ளு ஜீனத்து. கண்ணு போனா போனதுதான். ஒரு வாரமா கெனா கண்டுகினு இருந்தேன்" என்றாள். கண் வியாதியில் வழிகிற நீர் எது, அழுகையில் வருவது எது என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாங்கினவன் மேலும் தப்பில்லை, அந்தப் பெண் மேலும் தப்பில்லை. ஆனாலும் கோபம் கோபம்தானே.

அந்தக் கோபத்தில் போனை எடுத்து மூன்றாவது கடையின் பக்கத்தை அடிவரைக்கும் தள்ளினேன். முகவரி போட்டிருந்தது, அதுவும் கொட்டை எழுத்தில். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். தண்டையார்பேட்டை. எங்கள் தெருவுக்குப் பின்னால், பருத்தி மூட்டை குடோன்கள் இருக்கிற சந்து. துறைமுகத்திலிருந்து வருகிற சாமான் எல்லாம் இறங்குகிற இடம். நாங்கள் உலகமெல்லாம் தேடிக்கொண்டிருந்தது, ஐந்து நிமிஷம் நடந்தால் வருகிற தூரத்தில் இருந்திருக்கிறது.

"எய்ந்துரு" என்றேன். "நேரா போய்க் கேப்போம்."

"இல்லன்னுட்டாங்களே. போய் இன்னா பண்றது?"

"கடைக்காரிய மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு அப்புறம் அழு."

அவள் கூடையோடு வந்தாள். பாதி ஷட்டர் இறக்கின குடோன். உள்ளே அட்டைப்பெட்டிகள் கூரை வரை, நடுவில் ஒரு மேசை, மேசையில் கம்ப்யூட்டர், அதன் முன்னால் எர்ணாவூரிலிருந்து வேலைக்கு வருகிற ரூத். மெலிந்த பெண். பச்சையம்மா வாயைத் திறந்ததுமே குரலை வைத்து எங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

பச்சையம்மா உட்காரவில்லை. மேசை ஓரத்தில் ஒரு மிஷின் பெட்டிக்கு வெளியே கிடந்தது. அதைக் காட்டி, "அப்போ இது இன்னா?" என்று கேட்டாள்.

"அது விக்கிறதுக்கு இல்லக்கா. உங்களுக்குப் போட்டோ எடுக்கப் பிரிச்சது. பிரிச்சத புதுசுன்னு விக்கக்கூடாது. கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடுவோம். இன்னைக்குக் கட்டி வெக்கணும்."

பச்சையம்மா தன் கூடையை எடுத்து அந்த மிஷினுக்குப் பக்கத்தில், மேசைமேல் வைத்தாள். செதில் ஒட்டின, இன்னும் ஈரம் காயாத கூடை. "வெச்சிட்டேன்" என்றாள்.

ரூத் என்னைப் பார்த்தாள். நான் காசிமேட்டு வழக்கத்தை ஒரே மூச்சில் சொன்னேன். இந்தக் கூடையை எடுக்காமல் நீ அந்தப் பெட்டியைக் கட்ட முடியாது, கூடையை எடுக்க நாங்கள் விடமாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலாளி திருமலைக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் பேசினாள். பிறகு போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள், "படிச்சுப் பாக்கச் சொல்றாரு. உங்களால படிக்க முடிஞ்சா பிரிச்ச பெட்டின்னு எழுதிப் பில் போடச் சொல்றாரு. முடியலன்னா அனுப்பிடணும்னு சொல்றாரு. கண்ணுக்கு ஆகாதத உங்க தலையில கட்டக்கூடாதாம்."

அது நியாயமான பேச்சு. ஆனால் படம் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. இங்கே முடியாவிட்டால் எங்கேயும் முடியாது, அது அவளுக்கும் தெரியும். மிஷினை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஷட்டருக்கு வெளியே வெளிச்சத்துக்குப் போனாள். சந்தில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ரூத் ஏதோ ஒரு தமிழ்க் கதையைத் திறந்து கொடுத்திருந்தாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்றாள் பச்சையம்மா.

ரூத் எழுத்தைப் பெரிதாக்கினாள்.

"இன்னும் எறும்புதான்."

மறுபடி பெரிதாக்கினாள். பச்சையம்மா தலையைச் சாய்த்து, கொஞ்சம் தேவலையான கண்ணுக்கு நேராக மிஷினைக் கொண்டுவந்தாள். ரூத் இன்னும் ஒரு தடவை தொட்டாள். இப்போது பக்கத்துக்கு நான்கைந்து வார்த்தைதான் இருந்தது.

"இரு. தொடாத."

பச்சையம்மாவின் உதடு அசைந்தது. "மழை... விட்டிருந்தது. அவள்..." என்று நிறுத்தினாள். நான் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். கையை ஓங்கினாள், மூடிக்கொண்டேன். "அவள் கதவைத் திறந்தாள்" என்று முடித்தாள். விரலால் பக்கத்தைத் தள்ளினாள். இன்னொரு நான்கைந்து வார்த்தை. மறுபடி தள்ளினாள். சத்தம் நின்றுவிட்டது, உதடு மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் உதடும் நின்றுவிட்டது, விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ரூத் உள்ளே போய் பில் போட ஆரம்பித்தாள்.

"இன்னாமே போட்டுக்கீது? இன்னா கதை?" என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை. தோளைத் தொட்டு மறுபடி கேட்டேன். எனக்கு நைட்டி வெட்டக் கிடக்கிறது, வா போகலாம் என்றேன்.

தலையைத் தூக்காமலே சொன்னாள், "நீ போ ஜீனத்து. நான் படிச்சிக்கினு கீறேன்."

ஒரு வருஷமாக நான் வாயைத் திறந்தால்தான் அவளுக்குக் கதை. இப்போது என்னைப் போகச் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அவ்வளவு சந்தோஷம். லாரிக்குள் உட்கார்ந்திருந்த டிரைவர் எட்டிப் பார்த்து, இன்னாம்மா ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, என் தோஸ்து படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.